செஸ் போட்டிக்கு இன்னும் பத்தே நாள்!

‘‘வீட்டுல என்னையே ஜெயிச்சிடறா. போட்டிக்குப் போனா மட்டும் ஏன்தான் இப்படிச் சொதப்பறாளோ!’’

போடிநாயக்கனூரில் ஏலக்காய் வியாபாரம் செய்யும் ஓர் அப்பாவின் புலம்பல் என்று வைத்துக்கொள்ளுங்கள். மகளுக்கு மதுரையில் போட்டி. பத்து நாள்தான் பாக்கி. அப்பா புதுசாக இரண்டு செஸ் புத்தகம் வாங்கி வந்துவிட்டார். ராத்திரி பதினொரு மணி வரை பயிற்சி. காலையில் குழந்தைக்குக் கண் எரிச்சல்!

கொஞ்சம் பொறுங்கள், சார். கடைசிப் பத்து நாள் புதுசாகத் திணிப்பதற்கு அல்ல. பழைய தப்பைக் குறைக்கவும், மூளையைக் களைப்பில்லாமல் போட்டி மேஜையில் உட்காரவைக்கவும்தான்.

சலித்துப் பாருங்கள்

உங்கள் ஊர் ஏலக்காயைச் சல்லடையில் சலித்து, பருமன் வேறு, பொடிசு வேறு என்று பிரிப்பீர்கள், இல்லையா? குழந்தை கடைசியாக விளையாடிய பத்து ஆட்டங்களின் குறிப்புத் தாள்களையும் அப்படியே பிரிக்கச் சொல்லுங்கள். ஆரம்பத்தில் தடுமாறியவை, காயைச் சும்மா பறிகொடுத்தவை, நேரம் போதாமல் தோற்றவை, கடைசிக் கட்டத்தில் கோட்டை விட்டவை என நாலு பங்கு. எது அதிகமோ, அதற்குத்தான் முதல் வைத்தியம்.

கம்ப்யூட்டரிடம் உடனே விடை கேட்க வேண்டாம். ‘எங்கே தப்பு?’ என்று குழந்தையே முதலில் தேடட்டும். தானே கண்டுபிடித்த தப்பு சுலபத்தில் மறக்காது.

நாலாம் நாளிலிருந்து தினமும் ஐந்தாறு புதிர்கள். காயைத் தொடாமல் மனசுக்குள் போட்டுப் பார்த்து, விடையை எழுதிய பிறகே சரிபார்க்க வேண்டும். ராஜாவும் சிப்பாயும் மட்டும் மிஞ்சும் ஆட்டம், யானைகள் மிஞ்சும் ஆட்டம் இரண்டையும் ஒருதரம் புரட்டிவிடலாம். கடிகாரம் வைத்து, நகர்வுகளை எழுதி, ஒரு முழு ஆட்டம். போட்டி காலையில் என்றால் பயிற்சியும் காலையில். பழகிய ஓப்பனிங்கை மட்டும் மாற்றிவிடாதீர்கள்!

எட்டாம் நாளிலிருந்து பாதியாகக் குறையுங்கள். கடைசி நாள் போர்டை மூடிவிடலாம்.

தூக்கமும் ஒரு பயிற்சிதான்

பகலில் படித்ததை மூளை பதிய வைப்பதில் தூக்கத்துக்குப் பெரிய பங்கு உண்டு. 6 முதல் 12 வயது வரை 9 முதல் 12 மணி நேரமும், 13 முதல் 18 வரை 8 முதல் 10 மணி நேரமும் தூக்கம் வேண்டும். படுக்கப் போகும்முன் செல்போன் புதிர் வேண்டாமே! சாயங்காலம் அரை மணி ஓடியாடட்டும்.

போட்டியன்று பழகிய சாப்பாடுதான். இட்லி, முட்டை, வாழைப்பழம், தண்ணீர் போதும். ‘தெம்பா இருக்கட்டும்’ என்று புதுசாகக் காபியோ கூல் டிரிங்க்ஸோ பழக்காதீர்கள்.

பூப்பாறை, சாந்தம்பாறை எஸ்டேட் பக்கமிருந்து வருகிறவர்களுக்கு ஒரு வார்த்தை. போடிமெட்டு வளைவுகளில் வயிறு புரளும். முழுச் சாப்பாட்டோடு மலை இறங்க வேண்டாம். முந்தின நாளே கீழே வந்துவிடுங்கள். போடிக்கு 2023 ஜூனிலிருந்து மறுபடி ரயில் ஓடுகிறது. பஸ் ஒத்துக்கொள்ளாத பிள்ளைகளுக்கு அது சௌகரியம்.

தோற்ற பிறகுதான் பரீட்சை

2010-ல் உலகப் போட்டிக்குப் புறப்பட்ட விஸ்வநாதன் ஆனந்துக்கு எரிமலைச் சாம்பலால் விமானம் கிடைக்கவில்லை. ஜெர்மனியிலிருந்து பல்கேரியாவுக்குச் சுமார் 40 மணி நேரம் சாலைப் பயணம். முதல் ஆட்டத்தில் தோல்வி, இரண்டாவதில் வெற்றி, கடைசியில் பட்டமும் அவருக்கே. 2024-ல் சிங்கப்பூரில் நம் குகேஷும் முதல் ஆட்டத்தில் தோற்றார், மூன்றாவதில் ஜெயித்தார். பன்னிரண்டாவதில் மறுபடி தோற்று, பதினான்காவதில் வென்று, 18 வயதில் உலக சாம்பியன். மனப் பயிற்சிக்கென்றே அவர் தனியாக ஒரு கோச் வைத்திருந்தார்!

உங்கள் குழந்தைக்கு அந்த கோச் நீங்கள்தான். ஹாலை விட்டு வெளியே வந்ததும் ‘‘ஜெயிச்சியா?’’ என்று கேட்காதீர்கள். ‘‘தண்ணி குடிச்சியாம்மா?’’ என்று கேளுங்கள். கொஞ்சம் நடக்கட்டும். தோற்ற ஆட்டத்தை வீட்டுக்குப் போய்ப் பார்த்துக்கொள்ளலாம். அடுத்த ஆட்டத்துக்கு ஒரே ஒரு நினைவூட்டல் போதும்: நகர்த்தும்முன் எதிராளிக்கு என்ன செக் இருக்கு, எதை வெட்டலாம், எதை மிரட்டறார்னு பார். தொட்ட காயை நகர்த்தியே ஆக வேண்டும் என்பதால், யோசிக்கும்போது கை மடியிலேயே இருக்கட்டும்.

ஒவ்வொரு போட்டிக்கும் முன்னால் வயிற்றுவலி, வாந்தி, தூக்கமின்மை வருகிறதா? ‘நடிக்கிறா’ என்று திட்டாதீர்கள். பயம் வயிற்றில் பேசலாம். குழந்தைகள் டாக்டரிடம் காட்டுங்கள். தேவைப்பட்டால் அந்தப் போட்டியை விட்டுவிடுங்கள்.

போட்டி அடுத்த மாதமும் வரும். ‘தோத்தாலும் அப்பா திட்ட மாட்டார்’ என்கிற தைரியம் குழந்தைக்கு இருக்கிறதா? அது இருந்தால்தான் போர்டைப் பார்த்து விளையாடும். இல்லாவிட்டால் உங்கள் முகத்தைப் பார்த்துத்தான் விளையாடும்!