கடைசல் இயந்திரம்: வாங்குவதா, நாமே செய்வதா?

எமது சமூகத்தில் நீர்ப்பம்பு, மோட்டார் சைக்கிள், தையல் இயந்திர உதிரிப்பாகக் கடை நடத்துவோர் ஏராளம். ஆனால் ஒரு புஷ் தேய்ந்தாலும் ஒரு தண்டு பழுதானாலும் வேறொருவரின் லேத் பட்டறை வாசலில்தான் நாம் காத்திருக்கிறோம். கண்டி, அக்குறணை, மடவளை வியாபாரிகள் சிலர் "சிறிய லேத் ஒன்றுக்கு லீசிங் எடுக்கலாமா?" என்று என்னிடம் கேட்டதுண்டு. 2022ஆம் ஆண்டில் ஒரு டொலர் சுமார் 200 ரூபாவிலிருந்து சில மாதங்களுக்குள் 360 ரூபாவைத் தாண்டியதை நாம் மறக்கவில்லை. இறக்குமதி இயந்திரத்தின் விலையும் அதன் மேல் வட்டியும் சேர்ந்தால் சிறு வியாபாரி தாங்கமாட்டார். ஆகவே இன்னொரு வழியையும் ஆராய்வோம்.

முன்னுதாரணம் உண்டா?

உண்டு. அமெரிக்காவின் மிசூரி மாநிலத்தைச் சேர்ந்த டேவிட் ஜிஞ்சரி (2004இல் காலமானார்) பழைய உலோகத்திலிருந்து ஒரு முழுப் பட்டறையையே உருவாக்கும் முறையை ஏழு நூல்களில் விளக்கினார். முதல் நூல் கரி உலை பற்றியது. இரண்டாவது கடைசல் இயந்திரம் பற்றியது. அலுமினியம் 660 பாகை செல்சியஸில் உருகும். அதற்குக் கரி அடுப்பும் ஒரு காற்றூதியும் போதும். பாகங்களை மணல் அச்சில் வார்த்து, தட்டையான உருக்குப் பட்டையைப் படுகையாகப் பொருத்தினார். பாதி முடிந்த இயந்திரத்தைக் கொண்டே அதன் மீதிப் பாகங்களைக் கடைந்துகொள்வதுதான் அவரது முறையின் சிறப்பு.

முதலாம் உலகப் போர்க் காலத்தில் லூசியன் யோமன்ஸ் என்ற அமெரிக்கப் பொறியியலாளர் இயந்திரத்தின் உடலைக் கொங்கிரீட்டிலேயே வார்த்து, பீரங்கிக் குண்டு உறைகளைக் கடையச் செய்தார். கடைசல் இயந்திரத்துக்கு வேண்டியது அதிராத உடல். அது வார்ப்பிரும்பாகத்தான் இருக்க வேண்டும் என்பதில்லை.

எமது ஊரில் என்ன இருக்கிறது?

ஜிஞ்சரி தனியாகக் கற்றுக்கொண்ட வார்ப்பு வேலை எமக்கு அயலிலேயே இருக்கிறது. பிலிமத்தலாவையிலும் நத்தரம்பொத்தையிலும் பித்தளைத் தொழில் தலைமுறைகளாக நடக்கிறது. ஹுரிகடுவையில் மரத்தைக் கடைந்து அரக்கு ஏற்றும் கைவினை பழங்காலம் தொட்டுப் பெயர் பெற்றது. எனவே உலையை நாமே மூட்ட வேண்டியதில்லை. தச்சரிடம் மர மாதிரி செய்து, வார்ப்பவரிடம் கொடுத்துக் கூலி பேசலாம். அலுமினியம் ஆறும்போது ஏறக்குறைய 1.3 வீதம் சுருங்கும். 300 மி.மீ. பாகத்துக்கு மர மாதிரி 4 மி.மீ. அளவு நீளமாக இருக்க வேண்டும். வீட்டிலேயே உருக்குவோர் ஈரம் விடயத்தில் கவனமாக இருக்க வேண்டும். உருகிய உலோகத்தில் சிறிது நீர் பட்டாலும் அது வெடித்துச் சிதறும்.

சுழல்தண்டுக்குப் பழைய வாகனச் சில்லின் நல்ல நிலையிலுள்ள பெயாரிங் உதவும். கால் முதல் அரைக் குதிரைவலு மோட்டார் போதும். ஆனால் அது நிமிடத்துக்குச் சுமார் 1440 முறை சுற்றும். 25 மி.மீ. மென் உருக்குத் தண்டைக் கடைய 300 சுற்றளவே தேவை. ஆகவே வேகத்தை ஏறக்குறைய ஐந்தில் ஒன்றாகக் குறைக்கும் புலிகளும் பெல்டும் அவசியம். கவ்வியை (சக்) மட்டும் மலிவாகத் தேடாமல் நல்லதாக வாங்குங்கள்.

கணக்கைச் சரியாகப் போடுங்கள்

"சும்மா கிடந்த இரும்பில் செய்தேன்" என்பது வியாபாரக் கணக்கல்ல. உலோகம், வார்ப்புக்கூலி, பெயாரிங், மோட்டார், கவ்வி ஆகியவற்றோடு, நீங்கள் கடையை விட்டுச் செலவிடும் நாட்களையும் நாட்கூலியாக எழுதுங்கள். அந்தத் தொகை பழைய லேத் ஒன்றின் விலையை எட்டினால் பழையதையே வாங்குங்கள். வாங்கும்போது கவ்விக்கு அருகே படுகை தேய்ந்துள்ளதா என்று பாருங்கள். அதிகம் தேய்வது அவ்விடமே. நாளைக்கே வேலை தொடங்க வேண்டியவருக்கும் செய்யும் வழி பொருந்தாது. மாலை நேரமும் பொறுமையும் உள்ளவருக்கு, புஷ், வொஷர், சிறு தண்டு போன்ற வேலைக்கு மட்டுமே இது பொருந்தும்.

தனியாக முடியாவிட்டால் இருவர் மூவர் சேர்ந்து முஷாரகா அடிப்படையில் முதலிடலாம். இலாபப் பங்கை முன்கூட்டியே எழுதி ஒப்பமிடுங்கள். நட்டம் அவரவர் முதலின் அளவுப்படியே. ஒருவர் பணமும் மற்றவர் உழைப்பும் இடும் முழாரபா முறையும் உண்டு.

வாடிக்கையாளருக்கு முன் அளவுகோல்

இயந்திரம் ஓடியதும் வேலை ஏற்க வேண்டாம். 100 மி.மீ. நீளத் தண்டு ஒன்றைக் கடைந்து, இரு முனைகளின் விட்டத்தையும் மைக்ரோமீற்றரால் அளந்து பாருங்கள். வித்தியாசம் 0.02 மி.மீட்டரைத் தாண்டினால் மீண்டும் நேராக்குங்கள். இறுக்கமாகப் பொருந்த வேண்டிய புஷ் தளர்ந்தால் பம்பு கெடும். வாடிக்கையாளரின் நம்பிக்கையும் கெடும். குறையை மறைத்து விற்பது மார்க்கத்தில் தடுக்கப்பட்டது என்பதை எமது வியாபாரிகளுக்குச் சொல்லத் தேவையில்லை.

நபி தாவூத் (அலை) அவர்களுக்கு இரும்பு மென்மையாக்கப்பட்டதை ஸூரா ஸபா கூறுகிறது. அங்கேயே கவசத்தின் வளையங்களைச் சரியான அளவில் அமைக்குமாறும் அவருக்குப் பணிக்கப்படுகிறது. இரும்பு வசப்பட்ட பின்னரும் அளவு தேவைப்பட்டது. கைத்தொழிலில் இறங்கும் சகோதரர்கள் இதை மனதில் வைத்துத் தொடங்கினால், அல்லாஹ் அவர்களின் முயற்சியில் பரக்கத் செய்வான், இன்ஷா அல்லாஹ்.