கடலடியில் ஓடிய பெட்ரோல்

மாணவர்களே! வீராணம் ஏரியின் நீர் சென்னைக்குப் போவதை அறிவீர்கள். 2004 முதல் நடைபெறும் இத்திட்டத்தில் சேத்தியாத்தோப்பிலிருந்து வடக்குத்துக்கும், அங்கிருந்து கடாம்புலியூருக்கும் எந்திரங்கள் நீரைத் தள்ளுகின்றன. அதன் பிறகு நீர் பள்ளம் நோக்கித் தானே ஓடிச் சென்னையை அடைகிறது.

இத்தகைய குழாய் கடலுக்கடியில் செல்ல வேண்டுமானால்? அதுவும் போர்க்காலத்தில், எதிரியின் கண்ணில் படாமல்? இரண்டாம் உலகப் போரில் இக்கேள்வி உண்மையாகவே எழுந்தது.

1944 ஜூன் 6 அன்று நேச நாட்டுப் படைகள் பிரான்சின் நார்மண்டிக் கரையில் இறங்கின. டாங்கிகளுக்கும் லாரிகளுக்கும் பெட்ரோல் வேண்டும். எண்ணெய்க் கப்பல்களை மட்டும் நம்பினால் புயலும் குண்டும் அவற்றைத் தடுக்கக்கூடும். ஆகவே, இங்கிலாந்திலிருந்து கடலடியில் குழாய் பதிக்கும் திட்டம் முன்னரே வகுக்கப்பட்டிருந்தது. அதன் மறைபெயர் 'புளூட்டோ'.

இதில் உள்ள இடையூறு என்ன? நீரில் ஒவ்வொரு 10 மீட்டர் ஆழத்துக்கும் அழுத்தம் சதுர சென்டிமீட்டருக்கு ஏறக்குறைய 1 கிலோகிராம் கூடுகிறது. 60 மீட்டர் ஆழத்தில் இது 6 கிலோகிராம். உள்ளே காற்று மட்டும் உள்ள ஈயக் குழாயை அங்கே இறக்கினால் அது நசுங்கிவிடும்.

இதற்குக் கண்ட வழி எளியது. குழாயினுள் அழுத்தத்துடன் நீரை நிரப்பி, அந்நிலையிலேயே கடலில் இறக்கினார்கள். குழாயை நசுக்குவது வெளி அழுத்தமும் உள் அழுத்தமும் கொண்டுள்ள வேறுபாடே அன்றி, வெளி அழுத்தம் மட்டும் அன்று. நீங்களே சோதித்துப் பாருங்கள். ஒரு காலி பிளாஸ்டிக் புட்டியைக் கையால் அழுத்துங்கள்; நசுங்கும். நீரை விளிம்புவரை நிரப்பி, இறுக மூடி அழுத்துங்கள், எளிதில் நசுங்காது.

பெட்ரோல் ஓடத் தொடங்கியதும் நிலைமை தலைகீழாகிறது. பல கிலோமீட்டர் நீளக் குழாயில் உராய்வை வெல்ல, எந்திரங்கள் மிகுந்த அழுத்தத்துடன் தள்ள வேண்டும். இப்போது உள் அழுத்தமே அதிகம், குழாய் வெடிக்கலாம். அதனால்தான் ஈயக் குழாயின்மேல் எஃகுப் பட்டையும் எஃகுக் கம்பியும் சுற்றினார்கள். எஃகுக் குழாயிலும் ஒரு வகை இருந்தது. அதைக் கடலில் மிதக்கும் மாபெரும் உருளையில் நூல்கண்டுபோல் சுற்றி, இழுவைக் கப்பல்களால் இழுத்துப் பதித்தார்கள்.

பயன் என்ன? 1944 ஆகஸ்டு இறுதியில் ஜெனரல் பேட்டனின் டாங்கிகள் பெட்ரோல் இன்றி நின்றுபோயின. ஷெர்பூருக்குச் சென்ற குழாயில் செப்டம்பர் பிற்பகுதியில்தான் பெட்ரோல் வந்தது. அக்டோபர் தொடக்கத்திலேயே அது பழுதாயிற்று. டஞ்சனஸ் முனையிலிருந்து பூலோனுக்குப் போடப்பட்ட குழாய்கள்தாம் பின்னர் நன்கு உழைத்தன. அங்கே கடல் வழி ஏறக்குறைய 50 கிலோமீட்டரே. ஆயினும் போர் முடியும்வரை பெரும்பகுதி எரிபொருளைக் கொண்டு வந்தவை கப்பல்களே.

அதே ஆண்டுகளில் நம் நாட்டிலும் ஒரு போர்க்காலக் குழாய் அமைந்தது. கல்கத்தாவை அடுத்த பட்ஜ்பட்ஜிலிருந்து அசாமின் தின்சுகியா வரை 6 அங்குலக் குழாய். அதற்கப்பால் லெடோ சாலையை ஒட்டிப் பட்காய் மலையைத் தாண்டிப் பர்மாவுக்குள் 4 அங்குலக் குழாய். 1945-இல் அது சீனாவின் குன்மிங் வரை நீண்டது.

இங்கே பகை ஆழம் அன்று, உயரம். பெட்ரோலின் அடர்த்தி நீரின் அடர்த்தியில் ஏறத்தாழ முக்கால் பங்கு. அதை 1,000 மீட்டர் உயரத்துக்கு ஒரே மூச்சில் ஏற்ற, உராய்வை விட்டுவிட்டாலும், அடிவாரத்தில் சதுர சென்டிமீட்டருக்குச் சுமார் 75 கிலோகிராம் அழுத்தம் வேண்டும். எடை குறைந்த குழாய் அதைத் தாங்காது. எனவே வழிநெடுக எந்திர நிலையங்களை அமைத்து, பெட்ரோலைப் படிப்படியாக ஏற்றினார்கள்.

கடலடியில் குழாயை நசுக்க வந்ததும், மலையடியில் அதை வெடிக்க வைக்க வந்ததும் ஒன்றே. உயரம், அடர்த்தி, புவியீர்ப்பு முடுக்கம் ஆகிய மூன்றின் பெருக்கல் அது. உங்கள் பாடநூலில் ஒரே வரியில் இருக்கும் அந்தச் சூத்திரத்தை அடுத்த முறை படிக்கும்போது, பெட்ரோலுக்காகக் காத்து நின்ற டாங்கிகளை எண்ணிப் பாருங்கள்.