விழுந்தால் வயதின் மேல் பழி போடாதீர்கள்

எழுபதைத் தாண்டிவிட்டேன். சர்க்கரையோ உத்தியோகத்தில் இருந்தபோதே வந்து ஒட்டிக்கொண்டது. என் வயதுக்காரர் யாராவது விழுந்தால், "வயசாயிடுச்சு, வேறென்ன" என்று பேச்சை முடித்துவிடுகிறார்கள். சர்க்கரைக்காரர் விழுந்தால் முதலில் பார்க்க வேண்டியவை மூன்று: கால், பிரஷர், சுகர்.

முதலில் கால். உள்ளங்கால் மரத்துப்போனால் தரை மேடா பள்ளமா என்பது உடம்புக்குத் தெரியாது. பகலில் கண் ஈடுகட்டும், இருட்டில் முடியாது. முகத்துக்குச் சோப்புப் போட்டுக் கண்ணை மூடியதும் எனக்கு உடம்பு ஆடியது. அதை டாக்டரிடம் சொன்னபோதுதான் மெல்லிய நைலான் இழையால் பாதத்தைத் தொட்டுச் சோதித்தார். இந்தச் சோதனையை வருஷம் ஒருமுறை கேட்டு வாங்குங்கள். சர்க்கரைக்கான மெட்ஃபார்மினை நெடுநாள் சாப்பிட்டால் வைட்டமின் பி12 குறைந்தும் கால் மரத்துப்போகலாம், அதையும் பாருங்கள். ஹவாய் செருப்பு காலை விட்டு நழுவினாலும் மரத்த காலுக்குத் தெரியாது. பின்பட்டை வைத்த எம்.சி.ஆர். (மிருதுவான ரப்பர்) செருப்பை வீட்டுக்குள்ளும் போடுகிறேன்.

அடுத்தது பிரஷர். படுத்திருக்கும்போது ஒருமுறை, எழுந்து நின்ற மூன்று நிமிடத்துக்குள் ஒருமுறை அளந்து பாருங்கள். மேல் அளவு 20 அல்லது கீழ் அளவு 10 இறங்கினால் டாக்டரிடம் சொல்ல வேண்டும். ப்ராஸ்டேட்டுக்குத் தரும் டாம்சுலோசின் போன்ற மாத்திரைகளாலும் இப்படி இறங்கலாம். ஒரு டாக்டர் எழுதியது இன்னொருவருக்குத் தெரியாது. அதனால் எல்லா மாத்திரைகளையும் ஒரே பையில் போட்டு எடுத்துப்போய்க் காட்டுகிறேன். இரவில் ஒன்றுக்குப் போக எழும்போது கட்டில் ஓரத்தில் உட்கார்ந்து, பாதங்களை மேலும் கீழும் பத்துத் தடவை அசைத்துவிட்டு எழுகிறேன். வழியில் சின்ன விளக்கு எரியும். வேட்டி தடுக்காதபடி மடித்துக் கட்டிக்கொள்வேன். பாத்ரூமில் உள்தாழ்ப்பாள் போடுவதில்லை.

மூன்றாவது, லோ சுகர். 70க்குக் கீழே போனால் கை நடுங்கும், வியர்க்கும். வயதானால் அந்த எச்சரிக்கைகூட இல்லாமல் நேரே தள்ளாட்டம் வரலாம். இன்சுலினோ க்ளிமிபிரைடோ எடுப்பவர்கள் வெறும் வயிற்றில் நடைப்பயிற்சிக்குக் கிளம்ப வேண்டாம். தடுமாறினால் உடனே சுகர் பாருங்கள்; குறைந்திருந்தாலோ, பார்க்க வழியில்லாவிட்டாலோ மூன்று டீஸ்பூன் சர்க்கரையைத் தண்ணீரில் கரைத்துக் குடித்து, 15 நிமிடம் கழித்து மறுபடி சுகர் பாருங்கள். அடிக்கடி லோ ஆனால் மருந்தின் அளவைக் குறைக்கலாமா என்று கேளுங்கள். முதியவர் எல்லோருக்கும் எச்பிஏ1சி (மூன்று மாதச் சராசரிச் சுகர்) 7க்குள் நின்றாக வேண்டும் என்பதில்லை.

நம் ஆண்களிடம் இன்னொரு பழக்கம், விழுந்ததை மறைப்பது. வீட்டில் தெரிந்தால் வெளியே விடமாட்டார்கள் என்ற பயம். மறைத்தால் காரணமும் மறைந்துபோகும். எத்தனை மணிக்கு, என்ன செய்துகொண்டிருந்தபோது, கடைசியாக எப்போது சாப்பிட்டு, எந்த மாத்திரை போட்டபின் விழுந்தீர்கள் என்று குறித்துவையுங்கள். தலையில் அடிபட்டு, ரத்தம் உறையாமலிருக்க மருந்து சாப்பிடுபவராகவும் இருந்தால், வலி இல்லாவிட்டாலும் அன்றே ஆஸ்பத்திரிக்குப் போய்விடுங்கள்.