பனியன் கம்பெனிக்குப் புதிதாக வந்திருக்கும் பிள்ளைகளுக்கு

மிஷின் ஓட்ட டெய்லர் கற்றுக்கொடுப்பார். பீஸ் அடுக்கவும் பிசிறு வெட்டவும் டெய்லருக்கு உதவும் கைமடி ஒருத்தி கற்றுக்கொடுப்பாள். எப்போது, எதைச் சாப்பிடுவது என்று மட்டும் திருப்பூரில் யாரும் சொல்லித் தருவதில்லை. லைனில் வரும் கோளாறில் பாதி வயிற்றில்தான் ஆரம்பிக்கிறது என்பது என் கணக்கு. கேட்டுக்கொள்ளுங்கள், கண்ணுகளா.

1. வெறும் வயிற்றோடு வேலைக்கு வராதீர்கள். ராத்திரி 9 மணிக்குச் சாப்பிட்டவள், காலையில் ஒரு டீயோடு எட்டரைக்கு வந்து உட்கார்ந்தால், 11 மணி டீ டைம் வரைக்கும் 14 மணி நேரப் பட்டினி. செக்கிங் டேபிளில் ஓட்டை கண்ணில் படாமல் போவதும், சைஸ் லேபிள் மாறுவதும் அந்த நேரத்தில்தான் அதிகம். சமைக்க நேரமில்லை என்பீர்கள். பழைய சோற்றுக்கு ஏது சமையல்? மோர் ஊற்றி, சின்ன வெங்காயத்தைக் கடித்துக்கொண்டால் ஐந்து நிமிடத்தில் முடிந்தது. ஒடிசாவிலிருந்து வந்திருக்கும் பிள்ளைகளுக்கும் இது புதிதில்லை. அவர்கள் ஊர்ப் பகாளாவும் தண்ணீர் ஊற்றி வைத்த சோறுதான்.

2. டீயைச் சாப்பாட்டுக் கணக்கில் சேர்க்காதீர்கள். பசியை அது கொஞ்ச நேரம் மறைக்கும், அவ்வளவுதான். இன்னொரு சங்கதியும் இருக்கிறது. சாப்பிட்ட கையோடு டீ குடித்தால், சோற்றிலும் கீரையிலும் இருக்கும் இரும்புச்சத்தை உடம்பு சரியாக எடுத்துக்கொள்ளாது. ஒரு மணி நேரமாவது இடைவெளி விடுங்கள். பொம்பளைப் பிள்ளைகள் இதைக் காதில் நன்றாக வாங்கிக்கொள்ள வேண்டும். 2019-21 தேசியக் குடும்பநலக் கணக்கெடுப்பின்படி, தமிழ்நாட்டில் 15 முதல் 49 வயதுவரை உள்ள பெண்களில் 53 சதவீதம் பேருக்கு இரத்தசோகை. மாடிப்படி ஏறினால் மூச்சு வாங்கும், நின்று வேலை பார்த்தால் கண் இருட்டும். சூப்பர்வைசர் அதற்கு வைக்கும் பெயர் சோம்பேறித்தனம். திட்டை வாங்கிக்கொண்டு பேசாமல் இருக்காமல், அரசு ஆஸ்பத்திரியில் இரத்தம் சோதித்துப் பாருங்கள். முருங்கைக்கீரை, கேழ்வரகு, முட்டை சேருங்கள். சாப்பாட்டோடு எலுமிச்சையோ நெல்லிக்காயோ இருந்தால் இரும்புச்சத்து இன்னும் நன்றாகச் சேரும். ஆஸ்பத்திரியில் கொடுக்கிற இரும்புச்சத்து மாத்திரையை டீயில் விழுங்காதீர்கள்.

3. தண்ணீர் குடியுங்கள். பாத்ரூமுக்கு எழுந்து போனால் முறைப்பார்கள் என்று பயந்து, நாள் முழுக்க ஒரு டம்ளரோடு ஓட்டும் பிள்ளைகளைப் பார்த்திருக்கிறேன். மத்தியானம் தலைவலி, அதற்கு ஒரு மாத்திரை, அதுவும் வெறும் வயிற்றில். பிறகு நீர்க்கடுப்பு, இரண்டு நாள் லீவு. அயர்னிங் பக்கம் ஆவியில் நிற்பவர்களுக்குக் கேட்கவே வேண்டாம். இதில் தப்பு உங்கள் மேல் இல்லை. குடிதண்ணீரும் கழிப்பறையும் கொடுக்க வேண்டியது கம்பெனியின் கடமை. இரண்டு மூன்று பேராகச் சேர்ந்து போய்க் கேளுங்கள்.

4. மத்தியானச் சோற்றை மலையாகக் குவிக்காதீர்கள். இரண்டு, மூன்று மணிக்குக் கண் சொருகுவது கொஞ்சம் உடம்பின் இயல்புதான். குறைவாகச் சாப்பிட்டவனுக்கும் வரும். சோறு கூடக்கூட அதுவும் கூடும். சோற்றைக் குறைத்து, கொள்ளுப் பருப்போ தட்டப்பயறோ பொரியலோ அதிகம் வையுங்கள். மிஷின்மேல் வைத்துச் சாப்பிடவே கூடாது. வெள்ளைத் துணியில் மஞ்சள் கறை பட்டால் அந்த பீஸ் எக்ஸ்போர்ட்டுக்குப் போகாது.

5. நைட் வேலை. ஷிப்மென்ட் நெருங்கினால் விடிய விடிய ஓடும். ராத்திரியில் சர்க்கரையைக் கையாளும் திறன் உடம்புக்குக் குறைவு. பதினொரு மணிக்கு நாலு புரோட்டாவும் சால்னாவும் அடித்துவிட்டு உட்கார்ந்தால் நெஞ்செரிச்சலும் தூக்கமும்தான் மிச்சம். பெரிய சாப்பாட்டை எட்டு மணிக்குள் முடித்துவிடுங்கள். நடுராத்திரிக்கு இரண்டு இட்லியோ ஒரு வாழைப்பழமும் கொஞ்சம் கடலையுமோ போதும். டீயில் இருக்கும் காஃபின் பாதியாகக் குறையவே சுமார் ஐந்து மணி நேரம் ஆகும். விடியற்காலை மூன்று மணிக்கு மேல் டீ குடித்தவனுக்குக் காலையில் ரூமுக்குப் போனாலும் தூக்கம் பிடிக்காது.

6. சாப்பாட்டு நேரத்தை விற்காதீர்கள். பீஸ் ரேட்டுக்காரர்கள்தான் இதில் மோசம். பத்து நிமிடத்தில் விழுங்கிவிட்டு ஓவர்லாக்குக்கு ஓடுவார்கள். அப்படித் தைத்த பண்டல் சாயங்காலம் ஆல்டர் என்று திரும்பி வரும். பிரிப்பதற்குக் கூலி கிடையாது. ஐந்து மணி நேரத்துக்கு மேல் தொடர்ந்து வேலை வாங்கக் கூடாது, நடுவில் அரை மணி நேரமாவது விட வேண்டும் என்று 1948ஆம் ஆண்டுத் தொழிற்சாலைகள் சட்டமே சொன்னது. வேலையிடத்தில் சாப்பாடு சரியில்லை என்றால் உற்பத்தி 20 சதவீதம் வரை அடிபடலாம் என்று 2005இல் சர்வதேசத் தொழிலாளர் அமைப்பு எழுதியது. இது முதலாளிமார் படிக்க வேண்டிய கணக்கு. ஆனாலும் பெல் அடித்த பிறகு, ‘இந்த பண்டலை முடித்துவிட்டுப் போ’ என்று சொல்வது பெரும்பாலும் முதலாளி இல்லை, நேற்றுவரை உங்களோடு உட்கார்ந்து தைத்தவன்தான். நீங்கள் சூப்பர்வைசர் ஆனால் அதைச் செய்யாதீர்கள்.

7. சனிக்கிழமை சம்பளம் கைக்கு வந்ததும், வாரத்துக்கான அரிசி, பருப்பு, முட்டை, கடலைக்கு முதலில் எடுத்து வையுங்கள். ஊருக்கு அனுப்புவது அதற்குப் பிறகு. அம்மாவுக்கு ஐந்நூறு ரூபாய் கூட அனுப்ப வேண்டும் என்று ராத்திரிச் சாப்பாட்டை பன்னும் டீயுமாக்கும் பிள்ளைகள் இங்கே நிறைய. உங்கள் அம்மாவுக்குத் தெரிந்தால் அந்தப் பணத்தைத் தொடவே மாட்டாள். ஞாயிற்றுக்கிழமை பிரியாணிக்கும் கொஞ்சம் இருக்கட்டும், அதை நான் வேண்டாம் என்று சொல்லவில்லை.