முதலில் அது பிணமாக இருக்கட்டும்
அரசியல் உருவகக் கதை எழுத விரும்புவோருக்கு

உருவகக் கதை எழுதுகிறவர்கள் பலர் தலைகீழாகத் தொடங்குகிறார்கள். கருத்தை முடிவு செய்துவிட்டு, அதற்கு வேஷம் கட்ட ஒரு சிங்கத்தையோ ராஜாவையோ தேடுகிறார்கள். இரண்டாம் பக்கத்திலேயே வேஷம் கலைந்துவிடும். மீதிப் பக்கங்களில் வாசகருக்கு வேலை இல்லை.

கருத்தை ஒதுக்கி வைத்துவிட்டு ஒரு சிக்கலைப் பிடியுங்கள். மைசூர்ப் பல்கலைக்கழகத்தில் படித்து, அங்கேயே ஆங்கிலமும் கற்பித்த யு.ஆர்.அனந்தமூர்த்தி 1965இல் வெளியிட்ட கன்னட நாவல் ‘சம்ஸ்காரா’. துர்வாசபுரம் என்னும் அக்ரஹாரத்தில் நாரணப்பா செத்துக் கிடக்கிறான். ஆசாரங்களை உதறியவன், ஆனால் சாதியிலிருந்து தள்ளி வைக்கப்படாதவன். யார் கொள்ளி வைப்பது? பிணம் எடுக்கும்வரை ஒருவரும் சாப்பிட முடியாது. அக்ரஹாரத்தின் பண்டிதர் பிராணேசாச்சாரியார் சாஸ்திரங்களைப் புரட்டுகிறார், விடை கிடைக்கவில்லை. எலிகள் செத்து விழுகின்றன, கூரைகளில் கழுகுகள் வந்து உட்காருகின்றன. அழுகிப்போன ஓர் அமைப்பைப் பற்றிய நாவல் இது என்பது எவருக்கும் விளங்கும். ஆனால் அந்தப் பிணம் முதலில் பிணம். நாற்றம் எடுக்கிறது, வயிறு காய்கிறது. அவனோடு வாழ்ந்த சந்திரி தன் நகைகளைக் கழற்றி வைத்ததும், கொள்ளி வைக்கத் தயங்கியவர்களுக்கே ஆசை வந்துவிடுகிறது. சாதியைப் பற்றிப் பத்துப் பக்கம் பேசினாலும் இந்த ஓர் அசைவுக்கு ஈடாகாது.

அடுத்து, சிக்கலை ஒரு தெருவில் கொண்டுபோய் வையுங்கள். மைசூர் நகரத்தின் அக்ரஹாரம் பகுதியில் ஒரு சந்து, அதில் ஒரு பொதுக் கிணறு என்று கற்பனை செய்வோம். பாதுகாப்பின் பேரால் உரிமைகள் பறிபோவதைப் பற்றி எழுத நினைக்கிறீர்கள். ஒரு குழந்தை கிணற்றில் விழப் பார்க்கிறது. தெருச் சங்கம் இரும்பு மூடி போட்டுப் பூட்டுகிறது, சாவி செயலாளரிடம். எல்லோருக்கும் நிம்மதி. பிறகு தண்ணீர் எடுக்க நேரம் குறிக்கிறார்கள். அதற்கும் பிறகு ஒரு நோட்டு வருகிறது, எடுப்பவர் கையெழுத்துப் போட வேண்டும்.

இந்த இடத்தில்தான் கை துறுதுறுக்கும். “கிணற்றையா பூட்டினீர்கள், எங்கள் வாயைப் பூட்டினீர்கள்!” என்று ஒரு பாட்டியைப் பேசவைக்கத் தோன்றும். எழுதினால் அடித்துவிடுங்கள், அது நீங்கள் பேசுவது. பாட்டி வேறு மாதிரி பேசுவாள்.

“சாவியைக் கொஞ்சம் குடுங்கோ, பெருமாளுக்குத் தீர்த்தம் எடுக்கணும்.”

“நேத்து நோட்டுல கையெழுத்துப் போடலையே மாமி.”

அவள் நேற்றைக்கும் சேர்த்துப் போடுகிறாள். பேனாவைத் திருப்பிக் கொடுக்கும்போது, “நன்னா இருங்கோ” என்கிறாள். காட்சி அங்கே முடியட்டும். அதற்குக் கீழே விளக்கமாக ஒரு வரி வந்தாலும் பாட்டி செத்துவிடுவாள்.

செயலாளரைக் கெட்டவராக்காதீர்கள். விழப் பார்த்த குழந்தை அவருடைய பேத்தியாகவே இருக்கட்டும். கொட்டும் மழையிலும் விடியற்காலை நான்கு மணிக்கு வந்து பூட்டைத் திறப்பவர் அவர். அவர் பக்கத்து நியாயத்தை உங்களால் முடிந்த அளவு வலுவாக எழுதுங்கள். அதிகாரத்துக்கு மக்கள் இணங்கிப்போவது, அது சொல்லும் காரணத்தில் பாதி உண்மை இருப்பதால்தான். அந்தப் பாதியை மறைக்கும் கதையைப் பிரச்சாரம் என்றுதான் சொல்வேன். நிஜத் தலைவர் ஒருவரின் மீசையையும் கண்ணாடியையும் அவருக்கு மாட்டவும் வேண்டாம். அந்தத் தலைவர் பதவி இழக்கும் அன்றே கதையும் பழசாகிவிடும்.

கதையின் உலகத்துக்கு ஒரு சட்டம் போதும். பெருமாள்முருகனின் ‘பூனாச்சி அல்லது ஒரு வெள்ளாட்டின் கதை’ 2016இல் வந்தது. அதற்கு முந்தைய ஆண்டு ஜனவரியில்தான், தன் நாவல் ஒன்றுக்கு எழுந்த எதிர்ப்பால், அவர் எழுத்தையே விட்டுவிடுவதாக அறிவித்திருந்தார். 2016 ஜூலையில் அது பற்றிய வழக்கில் சென்னை உயர் நீதிமன்றத் தீர்ப்பு வந்த பிறகு மீண்டும் எழுதினார். ‘பூனாச்சி’யில் குட்டிகளுக்குக் காது குத்தி அரசாங்கத்திடம் பதிய வேண்டும், அதற்கு மக்கள் வரிசையில் நிற்கிறார்கள். எந்த நாடு, எந்தக் கட்சி என்ற பேச்சே இல்லை. ஆட்சி தலைகாட்டும் பக்கங்கள் குறைவு, வெள்ளாட்டின் பசியும் பேறும் பஞ்சமும்தான் நிறைய. நீங்களும் இந்த அளவில் கலந்தால் போதும்.

முடிவை எங்கே தேடுவது? நீங்கள் கொண்டுவந்த பொருளின் கனத்தில் தேடுங்கள். மைசூர்க்காரரான ஆர்.கே.நாராயணின் ‘லாலி ரோடு’ சிறுகதையில், சுதந்திரம் வந்த உற்சாகத்தில், அவருடைய கற்பனை ஊரான மால்குடியின் நகராட்சி தெருப்பெயர்களை மாற்றுகிறது, கொடுங்கோலன் என்று கருதி வெள்ளைக்காரர் லாலியின் சிலையையும் அகற்றத் தீர்மானிக்கிறது. சிலையைப் பெற்றுக்கொண்டவரின் வீட்டுக்குள் அது முழுதாக நுழையவில்லை, பாதி தெருவில் கிடக்கிறது. பிறகுதான் தெரிகிறது, கொடுங்கோலன் வேறொரு லாலி, இவர் ஊருக்கு நல்லது செய்தவர். அவசர தேசபக்தியைப் பற்றி நாராயண் வாய் திறக்கவே இல்லை. அந்தச் சிலையின் கனமே கதையை முடிவுவரை இழுத்துப் போகிறது. உங்கள் கிணற்றிலும் அப்படித்தான்: சாவி ஒரு நாள் தொலைந்தால் என்ன ஆகும் என்று யோசியுங்கள்.

எழுதி முடித்ததும், உங்கள் அரசியலுக்கு எதிர்ப்பக்கம் நிற்கும் ஒருவரிடம் படிக்கக் கொடுங்கள். “இது யாரைச் சொல்கிறது?” என்று முதல் கேள்வி வந்தால் திருத்த உட்காருங்கள். “அந்த மாமிக்கு அப்புறம் தண்ணீர் கிடைத்ததா?” என்று கேட்டால் பத்திரிகைக்கு அனுப்பலாம்.