கறிவேப்பிலையில் புழு

கேள்வி: வீட்டுக் கறிவேப்பிலைச் செடியை ஏதோ பச்சைப் புழுக்கள் மொட்டையாக்குகின்றன. மருந்து அடிக்கலாமா?
– வாசகி, மதுரை

பதில்: வேண்டவே வேண்டாம். அவை பெரும்பாலும் கறிவேப்பிலை அழகி அல்லது எலுமிச்சை அழகி பட்டாம்பூச்சியின் புழுக்கள். சின்னதாக இருக்கும்போது பறவை எச்சம் போலவே தெரியும். எதிரியை ஏமாற்றத்தான் அந்த வேஷம். வளர்ந்ததும் பச்சையாகிவிடும். மெல்லத் தொட்டுப் பாருங்கள், தலைக்குப் பின்னாலிருந்து சிவந்த கவை ஒன்று நீளும், ஒரு நெடியும் வரும். எத்தனை முறை பார்த்தாலும் எனக்கு அலுக்காத காட்சி அது! பிறகு கூட்டுப்புழுவாகி, ஏறக்குறைய இரண்டு வாரத்தில் பட்டாம்பூச்சி வெளிவரும். செடி மறுபடி துளிர்க்கும். சமையலுக்கு வேண்டுமென்றால் இன்னொரு செடி வையுங்கள்.

இப்படிச் செடியை நம்பி வாழும் பூச்சிகளை வெளியிலும் பார்க்கலாம். மழைக்காலம் முடிந்ததும் ஏரிக்கரைப் பக்கம் காலையில் நடந்து பாருங்கள். தும்பைப் பூவில் தேனீக்கள் மொய்க்கும். எருக்க இலையின் அடியில் வெந்தய வரியன் பட்டாம்பூச்சி முட்டையிட்டிருக்கும். நாம் களையென்று ஒதுக்கும் செடிகளே அவற்றுக்குச் சாப்பாடு. வீட்டு மூலையில் இரண்டு தும்பையையாவது பிடுங்காமல் விடுங்கள்.