ரெஸ்யூமின் முதல் நான்கு வரி

அன்புள்ள மருமகனுக்கு,

ரெஸ்யூமில் பெயருக்கும் போன் நம்பருக்கும் அடியில் வரும் மூன்று நான்கு வரிதான் புரொஃபஷனல் சம்மரி; தமிழில் பணிச் சுருக்கம் எனலாம். முன்பு அந்த இடத்தில் ‘கேரியர் அப்ஜெக்டிவ்’ உட்கார்ந்திருந்தது. சவாலான சூழலில் திறமையை வளர்த்துக்கொள்ள விருப்பம் என்று ஒரு வாக்கியம். டைப் அடிக்கும் கடையிலேயே சேர்த்துக் கொடுத்துவிடுவார்கள். விண்ணப்பிப்பவருக்கு என்ன வேண்டும் என்பதை அது சொன்னது. வேலை கொடுப்பவர் கேட்பதோ, வருகிற ஆளால் தன் ஆபீஸில் எந்த வேலை நடக்கும் என்பதை. பணிச் சுருக்கம் அந்தக் கேள்விக்கான பதில்.

ஆடிட்டர் ஆபீஸில் நான்கு வருடம் இருந்த பி.காம். பட்டதாரி ஒருவர், ஒரு ஸ்பின்னிங் மில்லின் கணக்குப் பிரிவுக்கு விண்ணப்பிப்பதாக வைத்துக்கொள்ளலாம். “கடின உழைப்பாளி, எல்லோருடனும் ஒத்துப்போகிறவர், டேலி தெரிந்தவர்” என்று எழுதினால் பொய்யில்லைதான். அந்த வேலைக்கு வரும் மற்ற ரெஸ்யூம்களிலும் இதே மூன்றும் இருக்கும். அவர் மாதாமாதம் பார்த்த வேலை வேறு. 11-ஆம் தேதிக்குள் விற்பனை விவரத்துக்கான ஜிஎஸ்டிஆர்-1 ரிட்டர்ன், 20-ஆம் தேதிக்குள் வரி கட்டும் 3பி ரிட்டர்ன். நடுவில், 14-ஆம் தேதி ஜி.எஸ்.டி. போர்ட்டலில் வரும் 2பி பட்டியலைக் கொள்முதல் பில்களோடு ஒப்பிட்டு, விற்றவர் ஏற்றாமல் விட்ட பில்லுக்காகப் போன் போட்டு விரட்டுவது. 2022 ஜனவரியிலிருந்து 2பி-யில் வராத பில்லுக்கு உள்ளீட்டு வரி வரவு எடுக்க முடியாது. விரட்டாவிட்டால் அந்தப் பணம் முதலாளியின் கையிலிருந்து போகும். மில் மேனேஜர் தேடுவது இந்த விரட்டலைத் தெரிந்த ஆளை. ஆனால் ரெஸ்யூம் எழுதும்போது, தினமும் பார்க்கிற வேலைதானே என்று அதைத்தான் முதலில் விட்டுவிடுகிறார்கள்.

அவருடைய சுருக்கம் இப்படி அமையலாம்: “பி.காம்.; ஆடிட்டர் அலுவலகத்தில் நான்கு ஆண்டு. 12 நிறுவனங்களுக்கு மாதாந்திர ஜி.எஸ்.டி. ரிட்டர்ன், 2பி ஒப்பீடு, காலாண்டு டி.டி.எஸ். தாக்கல். டேலியில் இறுதிக் கணக்கு வரை.” ஆளைப் புகழும் சொல் ஒன்றுகூட இதில் இல்லை. யார், எத்தனை வருடம், முக்கியமாக எந்த வேலை, எதில் செய்தார் என்ற வரிசை மட்டும் இருக்கிறது.

12 என்ற எண் எண்ணிப் பார்த்து எழுதியதாக இருக்க வேண்டும். இன்டர்வியூவில் முதல் கேள்வி பெரும்பாலும் இந்த நான்கு வரியிலிருந்தே கிளம்பும். ஊதிப் பெருக்கிய எண் இரண்டாவது கேள்வியிலேயே உடைந்துவிடும். கணக்கு நினைவில்லை என்றால் எண் இல்லாமலே எழுதலாம்.

வேலை விளம்பரத்தில் இருக்கும் சொல்லையே எடுத்தாள்வது நல்லது. அங்கே ‘அக்கவுன்ட்ஸ் பேயபிள்’ என்று இருந்து, ரெஸ்யூமில் ‘பில் வேலை’ என்று இருந்தால், வேலைவாய்ப்புத் தளத்தில் சொல்லைப் போட்டுத் தேடுபவர் கண்ணில் அது படாது. செய்யாத வேலையின் சொல்லை இதற்காக இரவல் வாங்கக் கூடாது. ஆங்கிலத்தில் எழுதும்போது ‘ஐ’ போட்டுத் தொடங்குவதில்லை. அது அங்குள்ள வழக்கம்.

அனுபவமே இல்லாத ஃப்ரெஷர், செய்த புராஜெக்ட்டையோ இன்டர்ன்ஷிப்பையோ இரண்டு வரியில் சொன்னால் போதும். அதுவும் இல்லையென்றால் சுருக்கம் வேண்டாம், படிப்பிலிருந்தே தொடங்கலாம்.

தாளில் முதலில் நின்றாலும் இதைக் கடைசியில்தான் எழுத வேண்டும். கீழே பணி அனுபவத்தில் இல்லாத எதுவும் மேலே வரக் கூடாது என்பதால், கீழ்ப்பகுதி முடியாமல் மேலே எழுத வழியில்லை. மில்லுக்கு எழுதியது மருத்துவமனையின் கணக்குப் பிரிவுக்கு அப்படியே பொருந்தாது. ஒவ்வொரு விண்ணப்பத்துக்கும் இந்த நான்கு வரியை மட்டுமாவது மாற்ற வேண்டும்.

ரெஸ்யூமின் திருத்திய படியை ஞாயிற்றுக்கிழமைக்குள் அனுப்பி வைக்கவும்.

அன்புடன்,
மாமா